பதில் திரும்பி வரும் தூரம்

தம்பி,

வியாழக்கிழமை நீ புறப்படுகிறாய். பெட்டியை நான்கு முறை எடைபோட்டாயிற்று. ஒர்க்‌ஷாப்பிலிருந்து தொங்கு தராசைக் கொண்டுவந்து நானே பார்த்தேன்; அனுமதித்த எடைக்கு நூறு கிராம் குறைவு. அந்த நூறு கிராமுக்குள் அடங்குகிற மாதிரி ஒரு கடிதம் எழுதி, உன் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடலாம், கனடாவில் பெட்டியைத் திறக்கும்போது படித்துக்கொள்ளட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தேன். இது போன பிறகு படிக்கிற கடிதம் இல்லை. நீ இந்த வீட்டில் இருக்கும்போதே படிக்க வேண்டும். காரணம் கடைசியில் இருக்கிறது. அதற்காகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு விஷயத்துக்கு நேர்ப்பாதை இல்லை. வரப்பு வளைகிற மாதிரி வளைந்துதான் போகவேண்டியிருக்கிறது.

நேற்று மதியம் சாப்பிடும்போது உன் அம்மா பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இவ்ளோ தூரம் போறியேடா" என்றாள். நீ சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தூரம் என்னம்மா தூரம், கூப்பிடு தூரம்தான்" என்றாய். சொல்லிவிட்டு என்னை ஒரு முறை பார்த்தாய். ஒரு நொடி இருக்கும். கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. ஒரு மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி இலைக்குத் திரும்பினாய். அது என்னுடைய வாக்கியம். பதினேழு வருஷத்துக்கு முன்னால், மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில், என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்ற ஐந்து வயதுப் பையனிடம் நான் சொன்னது. "எவ்ளோ தூரம்ப்பா போறீங்க?" என்று கேட்டாய். பஸ் கிளம்பப்போகிறது. "கூப்பிடு தூரம்தான்டா" என்றேன். கை தளர்ந்தது. நான் ஏறிவிட்டேன். அந்தச் சொல்லை நீ இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்து, நேற்று இலைக்கு எதிரே எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். நீயும் நானும் பல வருஷமாகச் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கு எது காரணம் என்று போன வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நீ விமானம் ஏறுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் இப்போது என் ஒரே கவலை.

முதலில் அந்தச் சொல்லையே கழற்றிப் பார்ப்போம். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். கூப்பிடு தூரம் என்று எல்லோரும் சொல்கிறோம். கல்யாணத்துக்குப் பெண் கொடுக்கிறவர்கள் சொல்கிறார்கள், வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்கிறார்கள். கிட்டத்தில்தான், பயப்படாதே என்று அர்த்தம். இதற்குக் கணக்கு உண்டா என்று தேடினேன். பழைய அளவுமுறையில் கூப்பீடு என்று ஓர் அளவே இருந்திருக்கிறது. நான்கு கூப்பீடு சேர்ந்தால் ஒரு காதம். கோலை வைத்து அளந்திருக்கிறார்கள். ஆனால் கோல் வருவதற்கு முன்னால் தொண்டைதான் இருந்திருக்க வேண்டும். ஒருவன் வரப்பில் நின்று கத்தியிருப்பான். இன்னொருவன் நடந்துகொண்டே போய், எங்கே காதில் விழாமல் போகிறதோ அங்கே ஒரு குச்சியை நட்டிருப்பான். இது என் ஊகம். எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் குச்சி ஓர் இடத்தில் நிற்காது, தம்பி. காலையில் வெயில் ஏறியதும் தரை சூடாகி, தரையை ஒட்டிய காற்றும் சூடாகும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடும். பக்கத்து வயல்காரனுக்குக்கூடக் கேட்காது. சாயங்காலம் நேர்மாறு. நடவு முடிந்து தண்ணீர் கட்டிய வயல் முதலில் குளிர்ந்துவிடும், மேலே காற்று இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளம்பிய குரல் மேலே போகாமல் வளைந்து வளைந்து தண்ணீரின்மேலேயே தவழ்ந்து வரும். நீயும் கவனித்திருப்பாய். வெளிச்சம் இறங்கும் நேரத்தில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கரையில் ஒருத்தி மாட்டை அதட்டுவது நம் கொல்லையில் அதட்டுவதுபோல் கேட்கும். ஒரு சைக்கிள் மணி, ஒரு குழந்தையின் அழுகை, நன்னிலம் ரோட்டில் ஹாரன், எல்லாம் யாரோ தட்டில் வைத்து நீட்டுவதுபோல் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஊரே சுருங்கி ஒரு கூடமாகிவிட்ட மாதிரி இருக்கும். அந்த அரை மணி நேரம் மட்டும் உலகத்தில் யாரும் தூரத்தில் இல்லை. இதற்குச் சூத்திரம் இருக்கிறது, எழுதிக் காட்டமுடியும். எழுதிக் காட்டினாலும் அந்த நேரம் எனக்குக் கனவு மாதிரித்தான் இருக்கிறது.

நம் வாய்க்காலில் ஒரு வழக்கம் உண்டு. நீ வளரும்போது ஆழ்குழாய் மோட்டார் வந்துவிட்டது, அதனால் உனக்குப் பாதிதான் தெரியும். ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும் வருஷங்களில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். மேல்வயல்காரன் பாய்ச்சி முடித்ததும் தன் வயலுக்குத் தண்ணீர் போகும் வாமடையை மண்வெட்டியால் அடைப்பான். தண்ணீர் அடுத்த வயலுக்கு இறங்கும். அடைப்பதற்கு முன்னால் கீழே பார்த்துக் கூப்பிடவேண்டும். கீழ்வயல்காரர் 'ஓஓய்' என்று பதில் கொடுக்கவேண்டும். அந்த ஓய் காதில் விழுந்த பிறகுதான் மடையை அடைக்கலாம். அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதில் வராவிட்டால் நின்றுகொண்டே இருக்கவேண்டும், அல்லது நடந்து போய்ப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் சட்டம். எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

நான் பாலிடெக்னிக் முடித்த வருஷம். இருபத்தொரு வயது. வெளிநாட்டு வேலைக்குத் திருச்சியில் இன்டர்வியூ. அன்று பார்த்து நம் முறை. புதுப் பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு மடையில் நிற்கிறேன். ஒன்பது மணி, வெயில் ஏறிவிட்டது. நமக்குக் கீழ்வயல் மல்லிகா அக்காவுடையது. உனக்கு மல்லிகா அத்தை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். புருஷன் சவூதியில், வயலை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். பஸ் போய்விடும். இவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறோம், கேட்காமலா இருக்கும் என்று மடையை அடைத்துவிட்டு ஓடினேன். சாயங்காலம் வேலை கிடைத்த சந்தோஷத்தோடு திரும்பி வருகிறேன், வரப்பில் அவர் நிற்கிறார், கையில் மண்வெட்டி. விதைவிட்டு மூன்றாம் நாள் நாற்றங்கால். முளைகட்டிய விதை மண்ணில் வேர் பிடிக்காத நேரம். தண்ணீர் முழுக்க ஏறி, விதையை எல்லாம் அரித்துக்கொண்டுபோய் ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தது.

"கூப்பிட்டியா தம்பி?"

"கூப்பிட்டேங்க்கா. ரெண்டு தடவ. சத்தமாவே."

"நான் ஓய்னு சொன்னனா?"

"அது… காதுல விழல. பஸ்ஸுக்கு நேரமாயிட்டு."

"அப்ப நீ கூப்பிடல."

"இல்லக்கா, நெசமாவே…"

"காத்துல கத்துனேன்னு சொல்லு. கூப்பிட்டேன்னு சொல்லாத. டிப்ளமா படிச்சவருக்கு இது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நம் நாற்றில் பாதியைக் கொடுத்துச் சரிக்கட்டினோம். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். கூப்பிடு தூரம் என்பது சத்தம் போய்ச் சேரும் தூரம் இல்லை, பதில் திரும்பி வந்து சேரும் தூரம் என்று அந்தப் பெண் ஒரே வரியில் சொன்னதை நான் அன்று வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு கத்தார். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் கன்ட்ரோல் ரூம் வேலை. அங்கேயும் இதே சட்டம்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஒரு வால்வை மூடு என்று இங்கிருந்து கட்டளை அனுப்பினால் போதாது. மூடிவிட்டேன் என்று அந்த வால்விலிருந்து பதில் சிக்னல் வரவேண்டும். சில விநாடிக்குள் வராவிட்டால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும், யாராவது எழுந்து ஓடவேண்டும். பதில் வராத கட்டளையைக் கட்டளையாகவே கணக்கில் எடுப்பதில்லை. நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கினேன். பாலைவனத்தில் எத்தனையோ வால்வுகளின் பதிலுக்குக் கண்கொட்டாமல் காத்திருந்தேன். வீட்டுக்கு மட்டும் கத்திவிட்டு வைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை தோறும் ஃபோன். ஒரு கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தினால் சில நிமிஷம் பேசலாம். பின்னால் ஒரு வரிசையே நிற்கும். அந்தக் காலத்து லைனில் ஒரு கோளாறு உண்டு. நாம் பேசியது சற்றுத் தாமதித்து நம் காதுக்கே திரும்பி வரும். "படிச்சியா" என்று கேட்பேன்; "படிச்சியா" என்று என் குரலே கடலுக்கடியில் போய் நனைந்து வந்ததுபோல் திரும்பி வரும். அதற்குள் அடுத்த கேள்வி. "ஸ்கூலுக்குப் போனியா, அம்மா பேச்சைக் கேக்கிறியா, சரி வைக்கிறேன்." அறைக்குத் திரும்பும்போது பையனோடு பேசிவிட்ட நிறைவு இருக்கும். பதில் என்று நான் காதில் வாங்கியதில் பெரும்பகுதி என்னுடைய குரல்தான்.

உனக்கு ஏழு வயதிருக்கும். அன்றைக்கு நீ என்னை முந்திக்கொண்டாய். "அப்பா, நேத்து நான் கூப்பிட்டேன்ல, நீங்க ஓய்னு சொன்னீங்கள்ல? கேட்டுச்சுப்பா! முந்தாநாளும் கேட்டுச்சு!"

"என்னடா ஒளர்ற? நான் எங்க சொன்னேன்?"

"வாமடைலேர்ந்து கூப்பிட்டேன்ப்பா. நீங்க சொன்னீங்க."

கார்டில் ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று பதிவுக் குரல் சொல்லிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏழு வயதுப் பையனுக்குப் பாடம் எடுத்தேன். "தம்பி, தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் நாலுல ஒரு பங்காயிடும். நடுவுல கடல் இருக்கு. நீ கத்துறது பக்கத்துத் தெருவுக்கே வராது. நான் இங்க இருக்கேன், எனக்கு ஒண்ணும் கேக்கல. எவனோ கத்திருப்பான். முட்டாள்தனமாப் பேசாத." என் குரல் மட்டும் "முட்டாள்தனமாப் பேசாத" என்று எனக்குத் திரும்பி வந்தது. அப்புறம் நீ, "சரிப்பா" என்றாய்.

பின்னால் வரிசையில் நின்றவர் யூசுப் பாய், கூத்தாநல்லூர்க்காரர், என் அறைத்தோழர். ரிசீவரை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"யாருப்பா, பையனா?"

"ஆமா பாய். நான் ஓய்னு பதில் சொன்னேனாம். அங்கேர்ந்து அவனுக்குக் கேட்டுச்சாம்."

"ஆமாடா, சொன்னேன்டான்னுட்டுப் போவியா… இதுல கணக்கு வாத்தியார் வேலை எதுக்கு ஒனக்கு? ஒரு ஓய்தானே? அதுக்குமா கார்டு தீர்ந்துரும்?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"போ போ. வால்வோட பேசியே நீயும் வால்வாயிட்ட. தள்ளு, எம் பொண்ணு காத்துக்கிட்டு இருக்கும்."

அன்றிலிருந்து இன்றுவரை நீ என்னிடம் பேசியதை எல்லாம் வடிகட்டினால் மிஞ்சுவது அந்த ஒரு சொல்தான். சரிப்பா. எந்த காலேஜ் என்றாலும் சரிப்பா. நான் ஊரோடு திரும்பிவந்து மோட்டார் ஒர்க்‌ஷாப் போட்டபோதும் சரிப்பா. அதைப் பணிவு என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் பையன் எதிர்த்துப் பேசமாட்டான் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அறிவுகெட்டத்தனம்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிக்கொண்டு வர யூசுப் பாய் வீட்டுக்குப் போயிருந்தாய். மல்லிகா அக்கா உனக்கென்று மோர்மிளகாய் வறுத்து டப்பாவில் போட்டு எடுத்துவந்தார். பெட்டியைப் பார்த்தார். "அந்த ஊர்லயாவது இவன் கூப்புட்டா ஓய்னு சொல்ல ஆள் இருக்குமா?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் காட்டி உன் அம்மாவைப் பார்த்தார். "தம்பிக்கிட்ட சொல்லவே இல்லயா நீ?" உன் அம்மா தரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது.

"சாயங்காலம் ஆச்சுன்னா வாமடைல வந்து நிப்பான் உம்மவன்," என்றார் அக்கா. "அவிழ்ந்து விழற டவுசர ஒரு கைல புடிச்சிக்கிட்டு, 'அப்பா…'ன்னு ஒரு இழுப்பு. ஆளுங்க முறைத் தண்ணிக்குக் கூப்புடறதப் பாத்திருக்கான்ல, அப்புடியே கூப்புடுவான். பதிலுக்கு ஆளில்ல. போவமாட்டான். திரும்பக் கூப்புடுவான். நான் கீழ களை பறிச்சிக்கிட்டு இருப்பேன். எவ்ளோ நேரம்தான் கேட்டுக்கிட்டே இருக்கறது? ஒரு நாளு தொண்டையக் கட்டிக்கிட்டு, ஆம்பளக் கொரல்ல, 'ஓஓய்'ன்னுட்டேன். வூட்டப் பாத்து ஒரே ஓட்டம். அப்புறம் தெனம் வருவான். நான் தெனம் பயிருக்குள்ள குனிஞ்சிக்குவேன். இடுப்பு போச்சு எனக்கு."

"ஏங்க்கா அப்புடிச் செஞ்சீங்க?" என்றேன்.

"கூப்புட்டா பதில் சொல்லணும்ல? வேற என்ன? என் வீட்டு ஆளும்தான் பன்னெண்டு வருசம் சவூதில கெடந்துச்சு. நான் எந்த மடையில போயி நின்னு கூப்புடறது?" டப்பா மூடியை இன்னொரு முறை அழுத்தினார். "அப்புறம் ஒரு நாளு வந்தான். நின்னான். கூப்புடல. சரி, மறந்துட்டான் போலருக்குன்னு நானாவே ஓய்னு சொல்லிப் பாத்தேன். அந்தப் பக்கமே பாக்காம போயிட்டான். எவன் என்ன சொன்னானோ புள்ளைக்கிட்ட."

எவன் என்று எனக்குத் தெரியும். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

நம் பக்கத்தில் பாதி வீட்டில் இந்தக் கடிதத்தை எழுதவேண்டிய அப்பா ஒருவர் இருப்பார், எழுதமாட்டார். அதனால் இதை நீ யாரிடம் காட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. எங்கள் காலத்தில் பாஸ்போர்ட் எடுக்காதவன் கெட்டிக்காரன் இல்லை. போனோம், வீட்டுக்கு மாடி எழுப்பினோம், பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். அதில் தப்பில்லை, நீ போவதிலும் தப்பில்லை. போனது என் பிழை என்று நான் எழுதவில்லை, நீயும் அப்படிப் படிக்காதே. நான் செய்த பிழை, பதில் வருவதற்கு முன்னால் மடையை அடைத்தது. அதைவிடப் பெரிய பிழை, யாரோ இரக்கப்பட்டு உனக்குக் கொடுத்த பதிலையும் சூத்திரம் சொல்லிப் பிடுங்கியது. சூத்திரம் சரிதான், தம்பி. சொன்ன நேரம்தான் தப்பு.

அங்கே போய் நீ நிறையப் பேரைக் கூப்பிடுவாய். இப்போது கடலுக்கடியில் போய் வருகிற தாமதம் இல்லை, முகமே தெரிகிறது. அதை நம்பி ஏமாறாதே. உன் அம்மாவிடம் "சாப்ட்டியா" என்று கேட்டால், அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்லி முடிக்கும்வரை இரு. நாளைக்கு உனக்கு ஒருத்தி வருவாள், பிள்ளை பிறக்கும். அது ஏதாவது நடக்கவே முடியாத ஒன்றைச் சொன்னால் உடனே அளவுகோலை எடுக்காதே. நம் ரத்தத்தில் அது கொஞ்சம் அதிகம். யாராவது உன்னைக் கூப்பிடுவது காதில் விழுந்தால், அது உன்னைத்தானா என்று ஆராயாமல் ஓய் சொல்லிவிடு. மல்லிகா அத்தைக்கு அது தன் பிள்ளை இல்லை என்று தெரியாதா?

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றிருந்தேன். அந்தக் குரல் யாருடையது என்று உனக்கு எப்போது தெரிந்தது? இல்லை, இன்னும் தெரியாதா? யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன். நீ "சரிப்பா" என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

இனி, ஏன் இதை இப்போதே படிக்கச் சொன்னேன் என்பது. நாளை செவ்வாய்க்கிழமை. மோட்டார் போடவேண்டாம் என்று பக்கத்து வயல்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். சுற்றுவட்டத்தில் சத்தம் இருக்காது. நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது, காற்றும் அவ்வளவாக இல்லை. வெயில் இறங்கியதும் நீ மட்டும் போய் வாமடையில் நில். நீ கூப்பிட வேண்டாம். நீ ஏற்கனவே கூப்பிட்டுவிட்டாய். எத்தனை சாயங்காலம் என்று மல்லிகா அத்தைக்குத்தான் தெரியும். பதில்தான் பாக்கி. மூன்று நாளாக ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசர் ஓடும்போது யாருக்கும் தெரியாமல் பழகிப் பார்க்கிறேன். தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கிறது. கீழ்வயலிலிருந்து தண்ணீர்மேல் தவழ்ந்து ஒரு குரல் வரும். அது மல்லிகா அத்தை இல்லை. காதில் விழுந்ததும், மடையை அடைத்துவிட்டு நீ புறப்படலாம்.

அப்பா